ஸுஸானா லிச்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்துரு ஆர்வலர்கள் கூடும் இடத்தில் ஸுஸானா லிச்கோவின் பெயர் அடிபடாமல் இருக்காது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டி, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன். நடுநடுவே என் அபிப்பிராயமும் தலைகாட்டும்.

யார் இந்த லிச்கோ?

1961ல் பிராட்டிஸ்லாவாவில் பிறந்தவர். அன்றைக்கு அது செக்கோஸ்லோவாக்கியா. ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போய்விட்டார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1984ல் ஆப்பிளின் மக்கின்டாஷ் கடைக்கு வந்த கையோடு, அதில் எழுத்துரு செய்ய உட்கார்ந்த முதல் சிலரில் ஒருவர். கணவர் ரூடி வாண்டர்லான்ஸோடு சேர்ந்து ‘எமிக்ரே’ என்ற நிறுவனத்தை நடத்தி, ஆயத்த எழுத்துருக்களை உலகம் முழுக்க விற்றவர்.

பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இவர் எழுத்தைப் பார்த்திருப்பார்கள். வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸின் பெயர்ச்சின்னத்தில் இருப்பது இவருடைய மிஸஸ் ஈவ்ஸ் எழுத்துருதான்.

எழுத்துரு வடிவமைப்பை யாரிடம் கற்றுக்கொண்டார்?

முறையாக யாரிடமும் இல்லை. பெர்க்லியில் முதலில் சேர்ந்தது கட்டடக்கலைக்கு. பிறகுதான் கிராஃபிக் பக்கம் மாறினார். அங்கே ஒரு கையெழுத்துக்கலை வகுப்பு இருந்தது. லிச்கோ இடதுகைக்காரர்; வகுப்பிலோ வலதுகையால்தான் எழுத வேண்டும் என்றார்கள். அகலமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, ஒரே கோணம் மாறாமல் இழுப்பதுதான் அந்தக் கலையின் உயிர். பழகாத கையில் அது எப்படி வரும்? வகுப்பு கசந்துபோனது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஐரோப்பிய எழுத்துருக்களின் மரபு முழுவதும் அந்தப் பேனாவின் அசைவில்தான் நிற்கிறது. எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைப் பேனாதான் சொல்லும். அந்தக் காலத்து ஆசிரியர்கள் எல்லாரும் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவார்கள். லிச்கோவுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவர் வேறொரு கதவு வழியாக உள்ளே வந்தார்.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் அவருடைய அப்பா. உயிரியலில் கணிதத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர். அவர் வழியாகத்தான் கணினி பரிச்சயமானது. லிச்கோ செய்த முதல் எழுத்துரு, அப்பாவின் சொந்த உபயோகத்துக்கான கிரேக்க எழுத்துகள். கணக்குப் போடுகிறவருக்கு ஆல்ஃபாவும் பீட்டாவும் இல்லாமல் எப்படி?

எமிக்ரே என்பது இதழா, கம்பெனியா?

இரண்டும். முதலில் இதழ். வாண்டர்லான்ஸ் நெதர்லாந்தின் ஹேக் நகரக் கலைக்கல்லூரியில் படித்துவிட்டு, புகைப்படக்கலை படிக்கப் பெர்க்லி வந்தவர். அங்கேதான் லிச்கோவைச் சந்தித்தார். 1983ல் கல்யாணம். அடுத்த வருஷம், தன்னைப் போலவே கடல் கடந்து வந்த இரண்டு நெதர்லாந்துக்காரர்களுடன் சேர்ந்து இதழைத் தொடங்கினார். புலம்பெயர்ந்தவர்களின் கலைகளுக்கான இதழ் என்பதால் அந்தப் பெயர். தட்டச்சு எழுத்தும் ஜெராக்ஸில் பெரிதாக்கிய வரிகளுமாக முதல் இதழ் வந்தது. கையில் காசில்லை. அச்சுக்கோப்புக்கு வெளியே கொடுத்தால் கட்டுப்படியாகாது.

அதே 1984ல் மக்கின்டாஷ் வந்தது. லிச்கோ அதில் செய்த எழுத்துகள் மூன்றாவது இதழில் இடம்பிடித்தன. ‘இந்த எழுத்து எங்கே கிடைக்கும்?’ என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஃப்ளாப்பியில் போட்டு விற்றார்கள். இதழைக் காப்பாற்றியது அந்த விற்பனைதான். இதழோ எழுத்துருக்களுக்கு ஓசியில் கிடைத்த விளம்பரமாகவும் பரிசோதனைக்கூடமாகவும் ஆனது. விளம்பரதாரர் தயவில்லாமல் ஒரு வடிவமைப்பு இதழ் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியதன் ரகசியம் இதுதான்.

முதல் எழுத்துருக்களை எப்படிச் செய்தார்?

புள்ளி புள்ளியாக. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் அவருடைய வாழ்நாள் வேலை முழுவதற்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

முதல் மக்கின்டாஷின் நினைவகம் 128 கேபி. திரை கறுப்பு வெள்ளை. குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342 புள்ளி. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாக இருக்கும் அல்லது வெள்ளையாக இருக்கும். நடுவில் சாம்பல் நிறம் என்ற பேச்சே கிடையாது. இன்றைய திரைகளில் எழுத்தின் விளிம்பை மிருதுவாகக் காட்டும் தந்திரம் எதுவும் அன்றைக்கு இல்லை.

இந்தக் கட்டத்துக்குள் ஆங்கிலச் சிறிய ‘இ’யை வரைந்து பாருங்கள். மேலே ஒரு கோடு, இடைவெளி, நடுவில் ஒரு கோடு, இடைவெளி, கீழே ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று சிக்கனமாக வைத்தாலும் ஐந்து புள்ளி உயரம் வேண்டும். நான்கே புள்ளிதான் இருக்கிறது என்றால் ‘இ’ கிடையாது, அவ்வளவுதான். அடுத்து ‘எம்’. மூன்று கால், இரண்டு இடைவெளி. அகலம் ஐந்து புள்ளி. கொஞ்சம் தடித்த எழுத்து வேண்டும் என்று காலை இரண்டு புள்ளியாக்கினால், இடைவெளியைத் தொடாமலேயே அகலம் எட்டாகிவிடும். ஒன்றரைப் புள்ளி என்று ஒன்று இல்லாததால், ‘கொஞ்சம் தடிப்பாக’ என்ற ஆசைக்கு இடமே இல்லை. ஒரு மடங்கு அல்லது இரு மடங்கு. ‘எஸ்’ஸின் வளைவும் ‘கே’யின் சாய்வும் படிக்கட்டாகத்தான் இறங்கும்.

இன்னொரு தொல்லை. ஓர் அளவுக்குச் செய்ததைப் பெரிதாக்கினால் எழுத்து அழகாகப் பெரிதாகாது, படிக்கட்டுதான் பெரிதாகும். எட்டுப் புள்ளி உயரத்துக்கு ஒரு வடிவம், பதினைந்துக்கு வேறொரு வடிவம் என்று ஒவ்வொன்றையும் அடியிலிருந்து யோசிக்க வேண்டும். 1985ல் லிச்கோ வெளியிட்ட எம்பரர், ஓக்லாந்து, யுனிவர்சல், எமிக்ரே ஆகிய எழுத்துருக்களின் பெயருக்குப் பின்னால் எட்டு, பத்து, பதினைந்து, பத்தொன்பது என்று எண்கள் வருவது அதனால்தான். அந்த எண் எத்தனை புள்ளி என்பதைச் சொல்கிறது.

அப்போது மற்றவர்கள் கணினி எழுத்தே செய்யவில்லையா?

செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் நூற்றாண்டுக் கணக்கான பழைய ஈய எழுத்துகளைக் கொண்டுவந்து இந்தச் சின்னக் கட்டத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் எடுத்த முடிவு: ‘கணினி இன்னும் தயாராகவில்லை, கொஞ்ச காலம் போகட்டும்.’

லிச்கோ கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தக் கட்டத்துக்கு எந்த வடிவம் பொருந்தும்? பழைய எழுத்தின் குறைப்பிரசவமாக இல்லாமல், இங்கேயே பிறந்த எழுத்து எப்படி இருக்கும்? இவரைக் ‘கலகக்காரி’ என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். விதியை மீறுவதற்காக இவர் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. கருவி விதித்த விதிகளுக்கு மற்ற எல்லாரையும்விட ஒழுங்காகக் கட்டுப்பட்டார். விளைவு மட்டும் கலகம் மாதிரி இருந்தது.

லேசர் பிரின்டர் வந்தபிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டதே?

போகவில்லை, உருமாறியது. 1985ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடித்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழி எழுத்தைக் கோடும் வளைவுமாகக் கணக்கிட்டுச் சொல்லும். 1986ல் ஃபான்டோகிராஃபர் மென்பொருளும் வந்து, வளைவை மவுஸால் இழுத்து வரைய முடிந்தது. இனி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நினைத்தார்கள். லிச்கோ ஒவ்வொரு கட்டத்திலும் ‘இந்த மெஷினுக்கு எது கஷ்டம்?’ என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடுலா 1985. எம்பரரின் பதினைந்து புள்ளி வடிவத்தின் விகிதங்களை வைத்துக்கொண்டு, படிக்கட்டை மட்டும் வழுவழுப்பாக்கியது.

சிட்டிசன் 1986. மக்கின்டாஷில் அச்சடிக்கும்போது படிக்கட்டுகளைத் தேய்த்துச் சாய்கோடாக்கும் ஒரு வசதி இருந்தது. அது வட்டத்தை வட்டமாக்காது. பல முகம் கொண்ட கல்லைப் போல நேர்கோட்டுத் துண்டுகளாக்கும். மற்றவர்கள் குறையென்று பார்த்ததை லிச்கோ அப்படியே வடிவமாக எடுத்துக்கொண்டார். சிட்டிசனில் வளைவே கிடையாது. எல்லாம் துண்டு துண்டான நேர்கோடுகள்.

எனக்கு மிகவும் பிடித்தது மேட்ரிக்ஸ், அதுவும் 1986. எழுத்தின் ஒவ்வொரு வளைவும் எங்கே திரும்புகிறது என்று குறிக்கப் புள்ளிகள் வேண்டும் (திரைப் புள்ளிகள் அல்ல, இவை வேறு). புள்ளி கூடினால் நினைவகம் அதிகம் செலவாகும், பிரின்டர் திணறும். செரிஃப் என்று சொல்லும், எழுத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காலை மரபுப்படி வளைத்துச் செய்தால் புள்ளிகள் எகிறிவிடும். மேட்ரிக்ஸில் அந்தக் காலை முக்கோணமாகச் சீவிவிட்டார். சாய்வு 45 பாகை. கட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று ஏறும் அந்தச் சாய்வுதான் எந்தக் கணினிப் பிரின்டரிலும் நெருடாமல் வரும். இப்படி நினைவகத்தை மிச்சம்பிடிக்கச் செய்த முக்கோணம்தான் பிற்பாடு மேட்ரிக்ஸின் அழகு என்று பேர் வாங்கியது. பட்ஜெட்டில் பிறந்த அலங்காரம்!

வேரியெக்ஸ் 1988ல், வாண்டர்லான்ஸோடு சேர்ந்து. ஒரே நடுக்கோட்டுக்குத் தடிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்து மெலிந்தது முதல் தடித்தது வரை மூன்று வடிவங்களைப் பெறும் உத்தி.

இதையெல்லாம் படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. இதற்கு லிச்கோ 1990ல், எமிக்ரேவின் பதினைந்தாம் இதழில் பதில் சொன்னார். அந்தப் பதில் அவருடைய எழுத்துருக்கள் அளவுக்குப் பிரசித்தம்: வாசகர்கள் எதை அதிகம் படிக்கிறார்களோ, அதையே நன்றாகப் படிக்கிறார்கள். படிக்க எளிது என்ற குணம் எழுத்துக்குள் பிறவியிலேயே இருப்பதில்லை, பழக்கத்தால் வருவது என்பது அவர் கட்சி. இன்று நம் கண்ணுக்கு முள்வேலியாகத் தெரியும் பிளாக்லெட்டர் எழுத்தை, இடைக்கால ஐரோப்பியர்கள் விரும்பிப் படித்ததை அவரே உதாரணம் காட்டினார். இன்று படிக்க முடியாதது என்று ஒதுக்குவது நாளைக்குச் சாதாரணமாகிவிடலாம் என்றார்.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லாமே பழக்கம் என்றால், பொடி எழுத்தில் ‘சி’யும் ‘இ’யும் குழம்புவது ஏன்? கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைப் பழக்கத்தால் தாண்ட முடியாது. லிச்கோவின் வாக்கியத்தை நான் பாதிதான் ஏற்பேன். ஆனால் அந்தப் பாதி பெரிய பாதி. திசைப்பலகைக்கும் மாத்திரை அட்டைக்கும் அவர் எம்பரரைச் சிபாரிசு செய்யவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

‘குப்பைத் தொழிற்சாலை’ என்று திட்டியது யார்?

மாஸிமோ விக்னெல்லி. நியூயார்க் சுரங்க ரயிலின் 1972 வரைபடத்தைச் செய்தவர், இத்தாலியில் பிறந்த பெரிய கை. ஒரு வடிவமைப்பாளருக்கு நாலைந்து எழுத்துருக்கள் போதும் என்று வாழ்ந்தவர். 1991ல் பிரின்ட் என்ற வடிவமைப்பு இதழில் வந்த ஓர் உரையாடலில் எமிக்ரேவை அப்படிச் சாடினார். பண்பாட்டுச் சீரழிவு என்ற அளவுக்குப் போனார்.

கதையின் சுவாரசியம் பின்பாதியில். 1996ல் லிச்கோ, பதினெட்டாம் நூற்றாண்டின் பார்மா நகரத்து அச்சுக்கலைஞர் போடோனியின் எழுத்தை எடுத்துத் தன் பாணியில் ‘ஃபிலோஸோஃபியா’ செய்தார். போடோனி, விக்னெல்லியின் அந்த நாலைந்தில் ஒன்று. அந்த எழுத்துருவுக்கான அறிவிப்புச் சுவரொட்டியை வடிவமைக்க எமிக்ரே யாரைக் கூப்பிட்டது தெரியுமா? விக்னெல்லியைத்தான். அவரும் செய்துகொடுத்தார். ‘இது அவர்களுடைய போடோனி’ என்று அதில் வாசகம். பாராட்டா, பட்டும் படாமல் கைகழுவலா என்று இன்றும் விவாதிக்கலாம். இருவர் பேரிலும் எனக்கு மரியாதை கூடியது.

எமிக்ரேவின் எல்லா எழுத்துருக்களும் லிச்கோ செய்தவையா?

இல்லை. பேரி டெக்கின் டெம்ப்ளேட் காத்திக், ஜெஃப்ரி கீடியின் கீடி ஸான்ஸ், ஸ்காட் மக்கெலாவின் டெட் ஹிஸ்டரி, ஜொனதன் பார்ன்புரூக்கின் மேசன் எல்லாம் எமிக்ரே வெளியிட்டவையே. 1990களின் இசைத்தட்டு உறைகளில் காணும் கசமுசா எழுத்துகளுக்கு லிச்கோவைப் பொறுப்பாக்குவது பொதுவான பிழை. அவருடைய எழுத்துகள் ஏறக்குறைய எப்போதும் கறாரானவை, கணக்குப் பார்த்தவை.

மிஸஸ் ஈவ்ஸ்: யார் அந்த அம்மாள்?

சாரா ஈவ்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜான் பாஸ்கர்வில் என்ற அச்சுக்காரர் இருந்தார். எழுத்து, காகிதம், மை, அச்சுப்பொறி என்று எல்லாவற்றையும் தானே சீர்ப்படுத்தியவர். 1757ல் அவர் அச்சிட்ட விர்ஜில் கவிதை நூல் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் சாரா. கணவன் ரிச்சர்ட் ஈவ்ஸ் மனைவியையும் குழந்தைகளையும் நட்டாற்றில் விட்டுவிட்டுப் போயிருந்தான். நாளாக ஆக, சாரா அந்த வீட்டுக்கும் தொழிலுக்கும் துணையானார். ஊர் வாய் சும்மா இருக்குமா? 1764ல் ரிச்சர்ட் இறந்த செய்தி வந்தபிறகே இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடிந்தது. 1775ல் பாஸ்கர்வில் இறந்தார். அந்த எழுத்துகளைப் பிற்பாடு பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேயின் கூட்டத்தாருக்கு விற்றவர் சாராதான். வோல்டேரின் நூல்திரட்டு அவற்றால் அச்சானது.

1996ல் பாஸ்கர்வில் எழுத்துக்குத் தன் வியாக்கியானத்தைச் செய்த லிச்கோ, அதற்கு அச்சுக்காரரின் பெயரை வைக்காமல் அந்த அம்மாளின் பழைய பெயரை வைத்தார். அச்சுத்தொழிலில் கணவனுக்கும் தகப்பனுக்கும் பின்னால் நின்று வேலை செய்து, பெயர் இல்லாமல் போன பெண்கள் ஏராளம். அதற்குப் பெயரிலேயே கணக்குத் தீர்த்தது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, அந்த எழுத்தில் என்ன விசேஷம்?

பாஸ்கர்வில்லின் காலத்தில் அவர்மேல் வந்த புகார், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் மிக அதிகம், கண் கெட்டுவிடும் என்பது. இதைப் பற்றி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760ல் பாஸ்கர்வில்லுக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு கனவான் ஃபிராங்க்ளினிடம் வந்து, பாஸ்கர்வில்லின் எழுத்து இந்த தேசத்தையே குருடாக்கிவிடும் என்று புலம்பினாராம். ஃபிராங்க்ளின் உள்ளே போய், எல்லாரும் பழகிய எழுத்துகளை வார்த்த காஸ்லனின் மாதிரித் தாளை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, ‘இதுதான் பாஸ்கர்வில், எங்கே கோளாறு, காட்டுங்கள்’ என்று நீட்டினார். வந்தவர் ஒவ்வோர் எழுத்திலும் குற்றம் கண்டுபிடித்தார். படிக்கும்போதே கண் வலிக்கிறது என்றார். ஆயுசு முழுக்க அவர் வலியில்லாமல் படித்த எழுத்து அது! லிச்கோவின் 1990 வாக்கியத்துக்கு இருநூறு வருஷம் முன்னாலேயே சாட்சி இருந்திருக்கிறது.

லிச்கோ அந்தப் புகாரை எடுத்துக்கொண்டு வேலை செய்தார். ஈய எழுத்து காகிதத்தில் அழுந்தும்போது மை கொஞ்சம் பரவி, மெல்லிய கோடுகள் சற்றே தடிக்கும். அந்தத் தடிப்பை எழுத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள பேதம் குறைந்தது. அதனால் பக்கம் கறுத்துவிடாதிருக்கச் சிறிய எழுத்துகளின் உடல் உயரத்தைக் குறைத்து, எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டார். பக்கம் காற்றோட்டமாக இருக்கும்.

கூட்டெழுத்துகளும் உண்டு. நம் ஸ்ரீ, க்ஷ மாதிரி இரண்டு மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டு ஒன்றாவது. ஆங்கிலத்தில் ‘எஃப்’பையும் ‘ஐ’யையும் ஒட்டுவது வழக்கம், இரண்டும் மோதிக்கொள்ளும் என்பதால் அது தேவை. லிச்கோ தேவையே இல்லாத ஜோடிகளையும் ஒட்டினார். இரண்டு ‘டி’ (t) கைகோத்துக்கொள்ளும், ‘டி’யும் ‘ஒய்’யும் சேர்ந்துகொள்ளும். கணினியில் ஒரு கூட்டெழுத்து சேர்ப்பதற்கு ஈயமும் வேண்டாம், கொல்லனும் வேண்டாம். ஆகவே செய்து பார்த்தார். கல்யாணப் பத்திரிகை, ஒயின் பாட்டில், நாவல் அட்டை என்று அது போகாத இடமில்லை.

சோதனை முயற்சியை விட்டு மரபுக்குத் திரும்பிவிட்டார் என்கிறார்களே?

அதில் எனக்கு உடன்பாடில்லை. வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்கிறார்கள். எம்பரரில் திரையின் கட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தார். மிஸஸ் ஈவ்ஸில் ஈயமும் மையும் காகிதமும் என்ன செய்தன, கணினி அதில் எதைத் தொலைத்தது என்று பார்த்தார். கேள்வி ஒன்றே.

இடையில் 1995ல் வந்த பேஸ் நைன், பேஸ் ட்வெல்வ் இரண்டும் இதற்கு நல்ல சாட்சி. வழக்கமாக அச்சுக்கான வடிவத்தை முதலில் செய்துவிட்டு, அதைத் திரைக்கு ஏற்பச் சுருக்குவார்கள். திரையில் பார்க்க நொண்டியடிக்கும். லிச்கோ தலைகீழாகச் செய்தார்: ஒன்பது, பன்னிரண்டு என்ற திரை அளவுகளில் புள்ளிக்கணக்கில் எழுத்தை முதலில் அமைத்து, அதிலிருந்து அச்சு வடிவத்தை இழைத்தெடுத்தார். இணையம் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம் அது.

மிஸஸ் ஈவ்ஸை ஒரு முழுப் புத்தகத்துக்கு உள்பக்க எழுத்தாகப் பயன்படுத்தலாமா?

கவிதைக்குத் தாராளமாக. முந்நூறு பக்க உரைநடைக்கு யோசியுங்கள். எழுத்துகளுக்கு இடையே உள்ள தாராளம், நாலு வார்த்தைத் தலைப்பில் அழகு. பத்தி பத்தியாக வரும்போது சொற்கள் உதிர்ந்துகிடப்பதைப் போல இருக்கும், பக்கமும் கூடும். இந்தக் குறையைப் பலரும் சொன்னார்கள். 2009ல் லிச்கோவே இதற்காக மிஸஸ் ஈவ்ஸ் எக்ஸ்எல் கொண்டுவந்தார்: உடல் உயரம் கூடியது, இடைவெளி இறுகியது. கூடவே செரிஃப் இல்லாத மிஸ்டர் ஈவ்ஸும் வந்தது. ஓடிப்போன கணவனுக்கும் இப்படி ஓர் எழுத்துரு வாய்த்துவிட்டது.

கணவன், மனைவி இருவரில் யார் என்ன வேலை பார்த்தார்கள்?

பொதுவாக, எழுத்துரு லிச்கோ, பக்க வடிவமைப்பும் இதழாசிரியர் வேலையும் வாண்டர்லான்ஸ். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. லிச்கோ இதழில் குறைவாகவே எழுதினார், பேட்டிகளும் அளவோடுதான். அதனாலோ என்னவோ எமிக்ரே என்றதும் வாண்டர்லான்ஸின் அடுக்கடுக்கான பக்கங்கள்தான் பலர் நினைவுக்கு வரும். அந்தப் பக்கங்களுக்குச் சோறு போட்டது லிச்கோவின் எழுத்து விற்பனை என்பதை மறந்துவிடுகிறோம்.

இதழ் ஏன் நின்றது?

69 இதழ்கள், 1984 முதல் 2005 வரை. கணினியில் வடிவமைப்பது சரியா தவறா என்ற சண்டைதான் எமிக்ரேவின் எரிபொருள். இரண்டாயிரத்துக்குள் அந்தச் சண்டை முடிந்துவிட்டது. எல்லாருமே கணினியில்தான் செய்தார்கள். எழுத்துரு விற்பனை தொடர்ந்தது.

விருதுகள்?

1994ல் கிரைஸ்லர் வடிவமைப்பு விருது, 1997ல் அமெரிக்க கிராஃபிக் கலை நிறுவனத்தின் பதக்கம், இரண்டும் தம்பதியாக. 2011ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 23 கணினி எழுத்துருக்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தது. அதில் ஐந்து எமிக்ரே வெளியிட்டவை. லிச்கோவின் ஓக்லாந்தும் உண்டு. எந்தப் படிக்கட்டு எழுத்தைக் கணினி தேறாததற்கு அடையாளமாகப் பார்த்தார்களோ, அதையே.

எழுத்துரு தவிர வேறு எதுவும் செய்திருக்கிறாரா?

1997ல் வந்த ஹிப்னோபீடியாவைத் தேடிப் பாருங்கள். எமிக்ரே எழுத்துருக்களிலிருந்து ஒரே ஓர் எழுத்தை எடுத்து, வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி அடுக்கிய கோலங்கள். எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முயல்வது நல்ல பொழுதுபோக்கு. பின்னாளில் களிமண்ணிலும் இறங்கி, அடுக்கிச் சேர்க்கும் பாகங்களாகப் பீங்கான் வேலைகள் செய்திருக்கிறார்.

நான் எங்கிருந்து தொடங்கலாம்?

சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவில் எமிக்ரேவின் சேகரம் இருக்கிறது. அவர்களுடைய இணையக் காப்பகத்தில் பலவற்றைக் காசு கொடுக்காமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். மூன்றாம் இதழிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து, எட்டுக் கட்டம் உயரத்துக்குள் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முடித்ததும் தமிழில் முயலுங்கள். ‘ஞ’வில் மாட்டிக்கொண்டால் ஒன்பதாவது கட்டத்தைக் கடன் வாங்கக் கூடாது.